கொள்ளைக்காரரும் துணை கவர்னரும் ஒரே ஆள்: ஜமைக்காவின் கதை

1672இல் ஹென்றி மார்கன் என்பவரைக் கைது செய்து ஜமைக்காவிலிருந்து லண்டனுக்குக் கப்பலேற்றினார்கள். ஸ்பெயினுக்குச் சொந்தமான பனாமா நகரத்தைச் சூறையாடிவிட்டார் என்பது புகார். இரண்டு வருடம் கழித்து அதே லண்டனில் மன்னர் இரண்டாம் சார்லஸ் அவருக்கு ‘சர்’ பட்டம் கொடுத்தார். ஜமைக்காவின் துணை கவர்னர் பதவியையும் கொடுத்துத் திருப்பி அனுப்பினார். அங்கே போய் அவர் பார்க்க வேண்டிய வேலைகளில் ஒன்று, கடற்கொள்ளையர்களைப் பிடிப்பது.

இது எப்படி நடந்தது என்று கேட்டால், ‘அந்தக் காலத்து ஊழல்’ என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். ஊழல் இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஒரு வரியோடு நின்றுவிட்டால் கரீபியக் கடலில் ஆங்கிலேயர் காலனிகள் எப்படி வேர் பிடித்தன என்பது புரியாமலே போய்விடும். பதினேழாம் நூற்றாண்டில் ஒருவர் கொள்ளைக்காரரா, நாட்டுக்கு உழைத்தவரா என்பதை அவர் கப்பலில் இருந்த ஒரு காகிதம்தான் முடிவு செய்தது. அதை யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், ஏன் ஒரு கட்டத்தில் நிறுத்தினார்கள் என்பதற்கு ஜமைக்காவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

முதலில் அந்தக் காகிதம்

அந்தக் காலத்தில் தொலைதூரக் கடல்களில் நிரந்தரமாக நிறுத்திவைக்கும் அளவுக்கு இங்கிலாந்திடம் போர்க்கப்பல்கள் கிடையாது. அதனால் போர் வந்தால் தனியார் கப்பல்காரர்களிடம், ‘எதிரி நாட்டுக் கப்பல்களைப் பிடிக்க உனக்கு அனுமதி’ என்று முத்திரை போட்டு எழுதிக் கொடுப்பார்கள். கப்பல், ஆட்கள், வெடிமருந்து, சாப்பாடு எல்லாம் கப்பல்காரர் செலவு. பிடித்த கப்பலைத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து கடல் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்தில் காட்ட வேண்டும். பிடித்தது முறைப்படிதான் என்று நீதிமன்றம் சொன்னால், மன்னருக்கு ஒரு பங்கு, கடற்படைத் தலைவருக்கு ஒரு பங்கு, மீதி அவர்களுக்கு. இப்படிக் கடிதம் வாங்கிக்கொண்டு கிளம்பியவர்களுக்குப் பிரைவேட்டியர் என்று பெயர். கடிதம் இல்லாமல் அதே வேலையைச் செய்தால் கடற்கொள்ளையர். பிடிபட்டால் தூக்கு.

நம் ஊர் மணல் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். பெர்மிட் இருந்தால் அது குவாரி வேலை, இல்லாவிட்டால் மணல் கொள்ளை. ஆறு அதே ஆறு, லாரியும் அதே லாரி.

இந்த ஏற்பாட்டில் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. கடிதத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரம் காலனி கவர்னர்களுக்கும் இருந்தது. அவர்கள் இருந்த இடத்துக்கும் லண்டனுக்கும் நடுவே ஒரு முழு அட்லாண்டிக் கடல். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும். ஐரோப்பாவில் சமாதானம் ஆகியிருக்கும், கரீபியனில் கடிதம் செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். சமாதானச் செய்தி தாமதமாக வந்தால் நல்லது என்று நினைத்த கவர்னர்களும் இருந்தார்கள்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. கடிதம் கொடுத்த நாட்டுக்குத்தான் அவர் பிரைவேட்டியர். ஸ்பானியர்களைப் பொறுத்தவரை மார்கன் கடைசிவரை வெறும் கொள்ளைக்காரர்தான். அவர் கையில் சூறையாடப்பட்ட ஊர்க்காரர்களுக்கு இங்கிலாந்து மன்னரின் முத்திரையால் என்ன ஆறுதல் கிடைத்திருக்கும்?

தோல்வியில் கிடைத்த தீவு

ஜமைக்காவை ஆங்கிலேயர் திட்டம் போட்டுப் பிடிக்கவில்லை. 1655இல், அப்போது இங்கிலாந்தை ஆண்ட ஆலிவர் கிராம்வெல் அனுப்பிய படை முதலில் குறிவைத்தது, ஸ்பெயினின் வலுவான கோட்டை நகரமான சாண்டோ டொமிங்கோவை. அட்மிரல் வில்லியம் பென், ஜெனரல் ராபர்ட் வெனபிள்ஸ் இருவர் தலைமையில் போன படை அங்கே கேவலமாகத் தோற்றது. வெறுங்கையோடு திரும்பப் பயந்து, பக்கத்தில் காவல் குறைவாக இருந்த ஜமைக்காவைப் பிடித்தார்கள். அது போதாது என்று கிராம்வெல் இருவரையும் லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார். பின்னாளில் அமெரிக்காவில் பென்சில்வேனியா காலனியை நிறுவிய வில்லியம் பென், இந்த அட்மிரலின் மகன்தான்.

தீவு கைக்கு வந்தது, ஆனால் கையில் நிற்கவில்லை. காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் ஆங்கிலச் சிப்பாய்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றன. ஸ்பானியர்கள் மலைகளில் இருந்துகொண்டு 1660 வரை சண்டை போட்டார்கள். ஸ்பானியரிடம் அடிமைகளாக இருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களும் மலைகளில் தனிக் குடியிருப்புகள் அமைத்திருந்தார்கள். அவர்களில் ஒரு கூட்டத்தின் தலைவரான ஹுவான் டி போலாஸ் ஆங்கிலேயர் பக்கம் சாய்ந்த பிறகுதான் ஸ்பானிய எதிர்ப்பு உடைந்தது. ஜமைக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனதில் இந்த ஆப்பிரிக்கத் தலைவரின் முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. பல புத்தகங்கள் அதை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுவது எனக்கு எப்போதும் வருத்தம்தான்.

சரி, ஸ்பெயின் திரும்பி வந்தால் யார் தடுப்பது? கடற்படையை நம்ப முடியாது. தீவின் ஆங்கிலத் தலைவராக இருந்த எட்வர்ட் டாய்லி, டொர்டூகா போன்ற தீவுகளில் சுற்றிக்கொண்டிருந்த பக்கனீர் என்ற கடற்கொள்ளைக் கூட்டங்களை அழைத்தார். எங்கள் துறைமுகத்தில் வந்து தங்குங்கள், இங்கிருந்து ஸ்பானியரைத் தாக்குங்கள், கடிதம் நாங்கள் தருகிறோம் என்பதுதான் பேச்சு. அவர்கள் வந்தார்கள். அவர்கள் நங்கூரம் போட்ட இடம் போர்ட் ராயல்.

மார்கன்

ஹென்றி மார்கன் வேல்ஸ் நாட்டுக்காரர், 1635 வாக்கில் பிறந்தவர். அவரை உயர்த்திவிட்டவர் தாமஸ் மாடிஃபோர்ட். பார்படோஸ் தீவில் கரும்புத் தோட்டம் வைத்திருந்த மாடிஃபோர்ட் 1664இல் ஜமைக்கா கவர்னராக வந்தார். கடிதங்களைத் தாராளமாக எழுதிக் கொடுத்த கவர்னர் இவர்.

1668இல் மார்கன் பனாமா கடற்கரையில் உள்ள போர்ட்டோபெலோவைப் பிடித்தார். பெருவின் வெள்ளி ஸ்பெயினுக்குக் கப்பலேறும் துறைமுகம் அது. ஊரைக் கொளுத்தாமல் விட மூன்றரை லட்சம் பெசோ கேட்டு, பேரம் பேசி ஒரு லட்சம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த வருடம் வெனிசுவேலாவின் மரகைபோ ஏரியில் ஸ்பானியப் போர்க்கப்பல்கள் வாயிலை அடைத்து அவரை மடக்கின. மார்கன் ஒரு கப்பலில் தாரும் வெடிமருந்தும் நிரப்பினார். தளத்தில் மரக்கட்டைகளை நிறுத்தித் தொப்பி மாட்டி ஆட்கள் மாதிரி ஜோடித்தார். அந்தக் கப்பல் ஸ்பானியரின் தலைமைக் கப்பலோடு போய் ஒட்டிக்கொண்டு வெடித்தது. இந்தத் தந்திரத்தை ரசித்துச் சொல்கிறவர்கள், அதற்கு முன்னால் அதே ஏரிக்கரை ஊர்களில் பணம் எங்கே என்று கேட்டு மக்களைச் சித்திரவதை செய்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்தக் கூட்டங்கள் கிளம்பும் முன் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும். கொள்ளை கிடைக்காவிட்டால் யாருக்கும் சம்பளம் இல்லை என்பது அதன் அடிப்படை. காயத்துக்கு நஷ்ட ஈடும் அதிலேயே உண்டு. மார்கனோடு போன ஒரு மருத்துவர் எழுதிவைத்த கணக்குப்படி, வலது கை போனால் 600 ஸ்பானிய வெள்ளி நாணயம், இடது கைக்கு 500, வலது காலுக்கு 500, இடது காலுக்கு 400, ஒரு கண்ணுக்கு 100. கொள்ளைக்கூட்டத்துக்குள் இப்படி ஒரு நியாயமா என்று வியப்பாக இருக்கும். ஆனால் அந்தக் கணக்கில் இன்னொரு வரி இருக்கிறது. 600 நாணயம் வேண்டாம் என்றால் ஆறு அடிமைகளை வாங்கிக்கொள்ளலாம். 500க்கு ஐந்து. ஆளுக்கு நூறு நாணயம், அதாவது ஒரு மனிதரின் விலை ஒரு கண். கடற்கொள்ளையர்களைச் சமத்துவவாதிகளாகக் காட்டுகிறவர்கள் அந்த வரியை விட்டுவிடுகிறார்கள்.

1670 கோடையில் ஸ்பெயினின் கடிதம் வைத்திருந்த மனுவேல் பர்தால் என்ற போர்ச்சுகீசியர் ஜமைக்காவின் கரையில் இறங்கி வீடுகளைக் கொளுத்தினார். மார்கனைச் சண்டைக்கு அழைத்து ஒரு சவாலையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். இரு பக்கமும் ஒரே மாதிரிக் காகிதத்தில்தான் வேலை நடந்தது என்பதற்கு இந்த ஆள் ஒரு சாட்சி. மாடிஃபோர்டுக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டுமா? மார்கனை அட்மிரலாக்கிப் புதிய கடிதம் எழுதினார். அதே கோடையில் மாட்ரிட் நகரில் இங்கிலாந்தும் ஸ்பெயினும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டன. ஜமைக்கா இனி இங்கிலாந்துக்கு என்று ஸ்பெயின் ஏற்றுக்கொண்டது அந்த ஒப்பந்தத்தில்தான்.

1671 ஜனவரியில் மார்கன் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களோடு பனாமாவின் காடுகளைக் கடந்து, பசிபிக் கரையில் இருந்த பனாமா நகரத்தைப் பிடித்தார். நகரம் எரிந்து சாம்பலானது. செல்வத்தில் பெரும்பகுதி அதற்கு முன்பே கப்பலேறித் தப்பியிருந்தது. பங்கு பிரித்தபோது ஆளுக்குக் கிடைத்தது சொற்பம். மார்கன் ஏமாற்றிவிட்டார் என்று அவருடைய ஆட்களே குமுறினார்கள்.

ஸ்பெயின் கொதித்தது. லண்டன் யாரையாவது தண்டித்துக் காட்ட வேண்டியிருந்தது. புது அதிகாரியாக வந்த தாமஸ் லிஞ்ச், மாடிஃபோர்டைத் தன் கப்பலுக்கு வரவழைத்து அங்கேயே கைது செய்தார். பிறகு மார்கன் முறை. மாடிஃபோர்ட் கோபுரச் சிறையில் இருந்தார். மார்கனோ லண்டனில் பெரிய மனிதர்களோடு பழகிக்கொண்டிருந்தார். ஸ்பெயினோடு உறவு மறுபடி கசந்ததும் அரசுக்குப் பழைய கேள்வி திரும்ப வந்தது: ஜமைக்காவை யார் காப்பாற்றுவது? அப்படித்தான் பட்டம், பதவி எல்லாம் வந்தன. மாடிஃபோர்டும் சும்மா போகவில்லை. ஜமைக்காவின் தலைமை நீதிபதியாகத் திரும்பி வந்தார்.

அந்த மருத்துவரின் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது மார்கன் பதிப்பாளர்கள் மீது வழக்குப் போட்டு ஜெயித்தார். அவரை அதிகம் உறுத்தியது, அவர் கரீபியனுக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர் என்று எழுதியிருந்ததுதான். ஜமைக்காவின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டவருக்குத் தன் குலப்பெருமை அவ்வளவு முக்கியமாக இருந்திருக்கிறது.

வெள்ளியிலிருந்து சர்க்கரைக்கு

கொள்ளையடித்த ஸ்பானிய வெள்ளி போர்ட் ராயலில் ஆறாக ஓடியது. மணல் திட்டின் நுனியில், லண்டன் பாணியில் மாடி வைத்த செங்கல் வீடுகள். சுமார் 6,500 பேர் வாழ்ந்த ஊர். சாராயக் கடைகளைப் பற்றி எல்லோரும் எழுதுவார்கள். அங்கே பொற்கொல்லர்கள், யூத வணிகர்கள், குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையார், தையல்காரர்கள் எல்லோரும் இருந்தார்கள். பக்கனீர்கள் கொண்டுவந்த பணம் முதலாகப் போனது எங்கே என்று பார்த்தால், நிலத்துக்கும் கரும்புக்கும் அடிமைகளுக்கும்தான்.

அங்கேதான் காற்று திசை மாறியது. கரும்புத் தோட்டக்காரருக்குக் கடல் அமைதியாக இருக்க வேண்டும். சர்க்கரை ஏற்றிய கப்பல் லண்டன் போய்ச் சேர வேண்டும், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைக் கப்பல் வந்து சேர வேண்டும். போர்ட் ராயல் வணிகர்கள் ஸ்பானியக் காலனிகளுக்கே அடிமைகளையும் சரக்கையும் விற்று லாபம் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். வாடிக்கையாளரைக் கொள்ளையடிக்க யார் விரும்புவார்கள்? லிஞ்ச் இந்த வணிகப் பக்கத்தின் ஆள். 1680களின் தொடக்கத்தில் கடற்கொள்ளைக்கு எதிராகத் தீவிலேயே சட்டம் வந்தது. மார்கன் அப்போது கரும்புத் தோட்டங்களுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளுக்கும் சொந்தக்காரர். பழைய கூட்டாளிகளை வேட்டையாடியதில் அவருக்கு மனக்குழப்பம் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் நலன் இப்போது கரையில் இருந்தது.

மார்கன் 1688 ஆகஸ்டில் இறந்தார். நான்கு வருடம் கழித்து, 1692 ஜூன் 7 அன்று நண்பகலுக்குச் சற்று முன் நிலநடுக்கம் வந்தது. பின்னாளில் கடலடியில் கிடைத்த ஒரு சட்டைப்பைக் கடிகாரம் 11:43இல் நின்றிருந்தது. ஊர் நின்றது நீர் ஊறிய மணல் மேல். குலுக்கலில் அந்த மணல் கூழாகிவிட, மூன்றில் இரண்டு பங்கு ஊர் வீடுகளோடு கடலுக்குள் இறங்கியது. சுமார் 2,000 பேர் அன்றே இறந்தார்கள். பிறகு வந்த நோய்களில் இன்னும் பலர். மார்கன் புதைக்கப்பட்ட இடுகாடும் கடலுக்குள் போனது. லூயிஸ் கால்டி என்ற பிரெஞ்சு வணிகரை நிலம் விழுங்கி, அடுத்த அதிர்ச்சியில் கடலுக்குள் துப்பியது என்றும், படகு வரும்வரை நீந்திப் பிழைத்தார் என்றும் அவருடைய கல்லறைக் கல் சொல்கிறது. அவர் அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் வாழ்ந்து 1739இல் இறந்தார். கல் போர்ட் ராயல் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

ராக்கம், போனி, ரீட்

காகிதப் பழக்கம் முழுதாக விட்டுப் போகவில்லை. 1713இல் ஒரு பெரிய ஐரோப்பியப் போர் முடிந்து, பிரைவேட்டியர்கள் வேலையிழந்தார்கள். 1715இல் ஸ்பெயினின் வெள்ளிக் கப்பல்கள் ஃபுளோரிடா கரையில் புயலில் மூழ்கின. ஜமைக்கா கவர்னர் ஆர்ச்சிபால்ட் ஹாமில்டனின் கடிதத்தோடு போன ஹென்றி ஜென்னிங்ஸ், ஸ்பானியர்கள் மீட்டு வைத்திருந்த வெள்ளியை அள்ளிக்கொண்டு வந்தார். கொள்ளையரைப் பிடிக்கத்தான் கடிதம் என்று சொல்லிப் பார்த்தார்கள். ஹாமில்டனும் கைதாகி லண்டனுக்குக் கப்பலேறினார். மாடிஃபோர்ட் கதையேதான், 45 வருடம் கழித்து. ஜென்னிங்ஸ் போன்றவர்களுக்கு ஜமைக்காவில் இடமில்லாமல் போய், பஹாமாஸ் தீவின் நாசோ துறைமுகம் அவர்கள் கூடாரமானது. மன்னர் பொது மன்னிப்பு அறிவித்தார். 1718இல் நாசோவுக்கு வந்த கவர்னர் வுட்ஸ் ரோஜர்ஸ் அதை அமல்படுத்தினார். அவரும் ஒரு முன்னாள் பிரைவேட்டியர்தான்.

மன்னிப்பு வாங்கிக்கொண்டு மறுபடி கடலுக்குப் போனவர் ஜான் ராக்கம். 1720 ஆகஸ்டில் நாசோ துறைமுகத்திலிருந்தே ஒரு சிறு கப்பலைத் திருடிக்கொண்டு போனார். கூடப் போனவர்களில் ஆன் போனி, மேரி ரீட் என்று இரண்டு பெண்கள். சில மாதங்கள்தான். ஜமைக்காவின் மேற்குமுனையில் ஜொனாதன் பார்னெட் அவர்களைப் பிடித்தார். கவர்னர் நிக்கோலஸ் லாஸின் கடிதத்தோடு போனவர் அவர்.

வழக்கு விவரம் 1721இல் ஜமைக்காவிலேயே அச்சானது. அதில் டாரதி தாமஸ் என்ற பெண்ணின் சாட்சியம் என்னை நிறுத்தி வைத்தது. சாமான்களோடு சிறு படகில் போய்க்கொண்டிருந்தவரை ராக்கம் கூட்டம் மறித்துக் கொள்ளையடித்தது. போனியும் ரீடும் ஆண்களின் மேல்சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டு, தலையில் கைக்குட்டை கட்டி, ஆளுக்கு ஒரு கத்தியும் கைத்துப்பாக்கியும் வைத்திருந்தார்கள் என்றார். பின்னால் சாட்சி சொல்லாதபடி இவளைக் கொன்றுவிடுங்கள் என்று ஆண்களிடம் சத்தம் போட்டது அந்த இரண்டு பெண்கள்தான் என்றும் சொன்னார். இன்று இவர்களை விடுதலை நாயகிகளாக வரைகிறார்கள். அந்தப் படகில் இருந்த பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் படம் வேறு மாதிரி இருக்கிறது.

ராக்கமை நவம்பரில் போர்ட் ராயலில் தூக்கிலிட்டு, உடலைத் துறைமுக வாயிலில் உள்ள ஒரு திட்டில் கூண்டில் தொங்கவிட்டார்கள். பெண்கள் இருவரும் கர்ப்பமாக இருப்பதாகச் சொன்னதால் தண்டனை தள்ளிப்போனது. ரீட் அடுத்த வருடம் சிறையில் இறந்தார். போனி என்ன ஆனார் என்பதற்குப் பதிவே இல்லை. இவர்களோடு இன்னொரு வழக்கும் நடந்தது. ஆமை பிடிக்கப் போன ஒன்பது பேர், ராக்கம் அழைத்தார் என்று சாராயம் குடிக்க அந்தக் கப்பலில் ஏறியிருந்தார்கள். அன்றைக்கே பார்னெட் வந்துவிட்டார். ஒன்பது பேரையும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம், அவர்களில் பலரைத் தூக்கிலிட்டார்கள். பனாமாவைச் சூறையாடியவர் ‘சர்’ பட்டத்தோடு இறந்த அதே தீவில்தான் இது நடந்தது. தீர்ப்பு சொன்ன நீதிமன்றத்துக்குத் தலைமை வகித்த கவர்னர் லாஸ், ஜமைக்காவில் காபிச் செடியை அறிமுகப்படுத்தியவர் என்று பின்னாளில் பெயர் வாங்கினார்.

காகிதம் மலைக்கும் ஏறியது

கொள்ளையர் தொல்லை ஓய்ந்த பிறகு காலனியின் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் மலைகளில் இருந்தார்கள். தோட்டங்களிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்களும், ஸ்பானியர் காலத்திலேயே மலையேறியவர்களின் வழிவந்தவர்களும் சேர்ந்த மரூன்கள். மேற்கில் கட்ஜோ, கிழக்கில் நானி என்ற பெண் தலைவர். பத்து வருடத்துக்கும் மேலாக அவர்களைத் தோற்கடிக்க முடியாமல், 1739இல் ஆங்கிலேயர் கட்ஜோவோடு ஒப்பந்தம் எழுதிக்கொண்டார்கள். அவர்களுக்குச் சுதந்திரமும் 1,500 ஏக்கர் நிலமும் தருவதாக அது சொன்னது. பதிலுக்கு, இனித் தப்பி வரும் அடிமைகளை மரூன்கள் பிடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும், தீவை யாராவது தாக்கினால் ஆங்கிலேயரோடு சேர்ந்து சண்டை போட வேண்டும். முன்பு பக்கனீர்களிடம் கேட்ட அதே காவல் வேலையை இப்போது காலனி தன் எதிரிகளிடமே எழுதி வாங்கிக்கொண்டது. ஜமைக்காவின் 500 டாலர் நோட்டில் பல வருடம் இருந்தது நானியின் முகம்.